இராமனும் வைரத்தின் அதிர்வும்

இராமன் விளைவைப் பற்றி நாம் வகுப்பில் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த மேதை ஒரு விடயத்தில் தவறினார் என்பதும், தவறைக் காட்டியது அவருடைய கண்டுபிடிப்பே என்பதும் பலருக்குத் தெரியாது.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். 1907இல் அரசாங்க நிதித் திணைக்களத்தில் பதவி பெற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் கணக்கு வேலை, மற்ற நேரமெல்லாம் ஆய்வுகூடம். 1917இல் அந்த உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். பொருள்களில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வெளிவருவதை 1928இல் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கண்டறிந்தார். மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன என்பதை அந்த நிறமாற்றம் சொல்லிவிடும். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

1933இல் பெங்களூர் சென்ற பிறகு வைரம் அவரை ஈர்த்தது. பளிங்கில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தாலும் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பளிங்கை ஒரு பாகை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது இந்த அதிர்வுகளைப் பொறுத்தது.

அக்கரப்பத்தனைத் தோட்ட லயங்களில் ஒரு கதவை அடித்துச் சாத்தினால் கடைசிக் காம்பராவின் கூரைத் தகரமும் அதிரும். பளிங்கிலும் அதிர்வு அலையாக முழுவதும் பரவுகிறது என்றார் ஜெர்மனிய விஞ்ஞானி மக்ஸ் போர்ன். அதனால் எண்ணற்ற அதிர்வெண்கள் உண்டு. இராமனோ, அயலிலுள்ள சில அணுக்கள் மட்டும் சேர்ந்து, குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் அதிர்வதாக வாதிட்டார். ஹிட்லரின் ஆட்சியில் பதவி இழந்த போர்னை 1935இல் பெங்களூருக்கு அழைத்தவரே இராமன்தான். பின்னர் இருவரும் எதிரெதிர் அணியானார்கள்.

இராமனின் மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் எடுத்த வைரத்தின் நிறமாலையில் கூர்மையான கோடுகள் தெரிந்தன. அவை தம் கொள்கைக்குச் சான்று என்றார் இராமன். ஆனால் எடின்பரோவில் போர்னிடம் பயின்ற ஹெலன் ஸ்மித் என்ற மாணவி, அலைக் கொள்கையிலிருந்தே அந்த நிறமாலையை விளக்கலாம் என்று 1948இல் கணித்துக் காட்டினார். 1950களில் நியூத்திரன் பரிசோதனைகளும் போர்னின் பக்கமே நின்றன.

இராமன் ஏற்கவில்லை. 1970 நவம்பர் 21இல் மறையும் வரை தம் கொள்கையைக் கைவிடவுமில்லை. இதனால் அவர் பெருமை குறையாது. இன்றும் உலகின் ஆய்வுகூடங்கள் இராமன் விளைவைக் கொண்டே பளிங்குகளை ஆராய்கின்றன. ஆனால் நோபல் பரிசு பெற்றவர் சொன்னதையும் ஒரு மாணவி கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம் என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். என் விடை பிழை என்று தோழி காட்டும்போது கோபப்படாமல் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும்தான்.