பொலன்னறுவை வேந்தன் பராக்கிரமபாகு

இலங்கை வேந்தன் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் இராவணன் உருவமே எழும். ஏடும் கல்வெட்டும் சான்று பகரும் இலங்கை மன்னருள் தலையாயவன் ஒருவனைக் குறித்து இம்மலரில் சில கூற விழைகிறேன். அவன் பொலன்னறுவையிலிருந்து கி. பி. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. சிங்கள மன்னனாயினும் அவன் தந்தையைப் பெற்றவன் ஒரு பாண்டிய இளவரசன். சோழராட்சியை இலங்கையினின்று அகற்றிய முதலாம் விசயபாகு தன் உடன்பிறந்தாளை அப்பாண்டியனுக்கு மணமுடித்திருந்தான்.

தக்கிண தேசம் என்னும் ஒரு பகுதிக்கே உரியவனாயிருந்த பராக்கிரமபாகு, தாயத்தாரோடு பன்முறை பொருது நாடு முழுதும் கொண்டான். அப்போர்களை விரிப்பின் ஏடு கொள்ளாது. அவன் புகழ் போரினும் நீரால் நிலைத்தது. மழைநீர் மக்களுக்குப் பயன்படாது கடலிற் கலத்தல் ஆகாது என்பது அவன் கொள்கை. அம்பன் கங்கையைத் திருப்பி, அவன் பெயரால் வழங்கும் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்பினான். அதன் நீர் இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது. பிளவுண்டு கிடந்த பௌத்தத் துறவியரை 1165-இல் ஒன்றுபடுத்தினான். இவற்றுக்கெல்லாம் குடிகள் தந்த விலை சிறிதன்று. பின்னர் வந்த நிசங்கமல்லன், முன்னவன் வரியால் நலிந்தோர்க்கென ஐந்தாண்டு வரியை நீக்கியதாகக் கல்லில் பொறித்தான்.

இனி நமக்கு நெருடலான செய்தி. மதுரையில் குலசேகர பாண்டியனால் முற்றுகையிடப்பட்ட பராக்கிரம பாண்டியன் இலங்கையின் உதவி நாடினான். படை சேருமுன் அவன் கொல்லப்பட்டான். ஆயினும் தளபதி இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றிப் பாண்டிய நாட்டினுள் புகுந்தான். சிறைப்பட்ட தமிழரைக் கொண்டு அநுராதபுரத்துப் பெருந்தூபி பழுதுபார்க்கப்பட்டதெனச் சூளவம்சமே கூறும். அந்நூல் இலங்காபுரன் வெற்றியோடு மீண்டான் என முடிக்கும். சோழ நாட்டுப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, அவன் தலை மதுரை வாயிலில் அறையப்பட்டதெனக் கூறும். தன் தோல்வியை எந்த அரசவைப் புலவன்தான் எழுதினான்!

இத்தகையவன் தமிழில் ஓர் ஆணை பொறித்தான் என்பதை நம்மில் பலர் அறியார். நயினாதீவுக் கல்வெட்டு அது. ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பரதேச வணிகரைக் காத்தல் வேண்டும் என்றும், யானை குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், பிற சரக்கேற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி என்றும் அவ்வாணை விதிக்கிறது. சரக்கு இழப்புக் கோரும் தாள்களோடு காலம் கழிக்கும் எனக்கு இவ்விரு விகிதங்களின் காரணம் உடனே விளங்கியது. படைக்கு யானையும் குதிரையும் வேண்டும்; அவற்றைக் கொணர்வோன் அஞ்சித் துறை மாறிவிடலாகாது. பாண்டிய நாட்டின்மேற் படை விடுத்த அதே மன்னன், அவ்வணிகர் படித்தறியும் பொருட்டுத் தன் ஆணையைத் தமிழிலேயே வெட்டுவித்தான்.