75 பக்கத்தில் ஒரு கடை: ரே கிராக்கின் கதை

லேப் மேனுவலில் இருக்கிறதை வரிக்கு வரி அப்படியே செஞ்சும் ரீடிங் வராமல் போன அனுபவம் உங்களில் நிறைய பேருக்கு இருக்கும். தப்பு உங்க மேல இல்லாமலும் இருக்கலாம். மேனுவலை எழுதினவர், தனக்கே தெரியாமல் ஏதோ ஒரு ஸ்டெப்பை எழுதாமல் விட்டிருக்கலாம். உலகத்துலயே பெரிய ஹோட்டல் பிசினஸ்களில் ஒன்று கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுந்தது. அதை நடத்தினவர் பெயர் ரே கிராக்.

மெக்டொனால்ட்ஸை ஆரம்பிச்சவர் இவர்தான்னு நீங்க நினைச்சிருந்தால், அது பாதி உண்மைதான்.

1902 அக்டோபர் 5 அன்று, அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டியிருக்கும் ஓக் பார்க் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. முதல் உலகப் போர் நடந்தபோது 15 வயசிலேயே, வயசைக் கூட்டிச் சொல்லி ரெட் கிராஸில் ஆம்புலன்ஸ் ஓட்டச் சேர்ந்தார். அனுப்புவதற்குள் போர் முடிஞ்சுபோச்சு. அப்புறம் பியானோ வாசிச்சார், பேப்பர் கப் வித்தார். 1930களின் கடைசியில் மல்டிமிக்ஸர் என்ற எந்திரத்தை விற்க இறங்கினார். ஒரே நேரத்தில் 5 மில்க் ஷேக் அடிக்கும் எந்திரம் அது. அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராகச் சுற்றியதிலேயே 50 வயசு தாண்டிவிட்டது. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் கூடவே வந்துவிட்டன.

1954இல் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரே ஒரு சின்னக் கடை 8 மல்டிமிக்ஸர் வாங்கியிருந்தது. ஒரே நேரத்தில் 40 மில்க் ஷேக்! யாருக்கு இவ்வளவு தேவைப்படுது என்று நேரில் பார்க்கப் போனார்.

அது ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்களின் கடை. அவங்க செஞ்ச வேலையைத் தனியாகச் சொல்லியே ஆகணும். நல்லா ஓடிக்கிட்டிருந்த கடையை 1948இல் மூடிவிட்டு, எல்லாத்தையும் புதுசா யோசிச்சாங்க. மெனுவை 9 ஐட்டமாகக் குறைத்தாங்க. பர்கர் விலையை 15 சென்ட் ஆக்கினாங்க. ஒரு டென்னிஸ் கோர்ட்டில் சாக்பீஸால் கிச்சன் லேஅவுட்டை நிஜ அளவில் வரைந்து, வேலையாட்களை அதில் நடமாட விட்டு, யார் எங்கே இடிச்சுக்கிறாங்க என்று பார்த்துப் பார்த்து மாற்றினாங்க. உங்க இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேப்பரில் வரும் மோஷன் ஸ்டடி என்பது இதுதான்.

இவ்வளவு அருமையான சிஸ்டம் இருந்தும், அதை மற்றவங்களுக்கு ஃபிரான்சைஸாகக் கொடுத்தபோது சரியாக வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு பெயரையும் முறையையும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் போய்ப் பார்க்கிற ஆள் இல்லை. ஒவ்வொருத்தரும் தங்கள் இஷ்டத்துக்கு மெனுவையும் விலையையும் மாற்றினாங்க.

கிராக் ஃபிரான்சைஸ் ஏஜென்டாக ஒப்பந்தம் போட்டார். கடைக்காரர் முதலில் 950 டாலர் கட்டணும், பிறகு விற்பனையில் 1.9 சதவீதம் தரணும். அதில் 0.5 சதவீதம் சகோதரர்களுக்கு. 1955 ஏப்ரல் 15இல் சிகாகோ பக்கத்தில் டெஸ் பிளைன்ஸ் என்ற ஊரில் தன் சொந்தக் கடையைத் திறந்தார்.

அங்கேதான் சிக்கல். சகோதரர்கள் சொன்ன முறைப்படியே உருளைக்கிழங்கை உரித்து, நறுக்கி, அலசி, பொரித்தார். ஆனாலும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் தொளதொளவென்று வந்தது. சகோதரர்களைக் கேட்டார், அவங்களுக்கும் காரணம் தெரியவில்லை. கிழங்கு பற்றித் தெரிஞ்ச ஆட்களிடம் போய், கிழங்கு வாங்கியதிலிருந்து என்னென்ன நடக்குது என்று ஒவ்வொரு ஸ்டெப்பாகச் சொன்னபோதுதான் பிடிபட்டது. சான் பெர்னார்டினோவில் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டிகளில் காற்றாட வைத்திருப்பாங்க. பாலைவனக் காற்றில் ஈரம் வற்றி, சர்க்கரை குறைந்து, ஸ்டார்ச் கூடியிருக்கும். சகோதரர்களுக்கு அது ஒரு ஸ்டெப் என்றே தெரியாது, ஏன்னா அந்த வேலையைச் செஞ்சது அவங்க ஊர்க் காற்று! கிராக் கிழங்கு மூட்டைகளைக் கடையின் பேஸ்மென்டில் வைத்து மின்விசிறி போட்டுவிட்டார். ஃப்ரைஸ் சரியாச்சு.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. ஒரு முறையை இன்னொரு ஊருக்கு அனுப்பணும்னா, நமக்குத் தெரிஞ்சதை எழுதினால் மட்டும் போதாது. நாம கவனிக்காமலே நடக்கிறதையும் தேடிப் பிடிக்கணும். அந்த வேலைக்கு அடுப்படியில் நின்ற ஒரு ஆள் தேவை.

அந்த ஆள் 1956இல் கிடைத்தார். பெயர் ஃபிரெட் டர்னர், வயசு 23. அதாவது உங்களைவிட இரண்டு மூணு வயசுதான் மூத்தவர். காலேஜைப் பாதியில் விட்டவர். ஃபிரான்சைஸ் எடுக்கும் எண்ணத்தில் வந்து, தொழில் கற்றுக்கொள்ள டெஸ் பிளைன்ஸ் கடையில் கிரில் முன்னால் நின்றார். கிராக் அவரைத் தன்னோடவே வைத்துக்கொண்டார். சில பக்கங்களாக ஆரம்பித்த டர்னரின் குறிப்புகள் 1958இல் 75 பக்க ஆபரேஷன்ஸ் மேனுவலாக ஆச்சு.

அதில் இருந்த சிலதைப் பாருங்க. ஒரு பவுண்டு கறியில் 10 பர்கர், அதாவது ஒன்று ஏறக்குறைய 45 கிராம். ஃப்ரைஸின் தடிமன் 9/32 அங்குலம், சுமார் 7 மில்லிமீட்டர். பெரிய தோசைக்கல் மாதிரியான கிரில்லில் வரிசைக்கு 6 வீதம் 6 வரிசை கறி போடணும். திருப்பும்போது மூணாவது வரிசையில் ஆரம்பித்து ஆறு வரை போய், கடைசியில்தான் முதல் இரண்டு வரிசை. ஏன்? ஹீட்டரிலிருந்து அந்த இரண்டு வரிசையும் தள்ளி இருக்கும், வேக நேரம் ஆகும். இந்த மாதிரி விஷயம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தோணாது.

எழுதிட்டால் மட்டும் எல்லாரும் அதைப் பின்பற்றுவாங்களா? மாட்டாங்க. கிராக்குக்கு அது நல்லா தெரியும். அதனால் ஒரு பெரிய ஏரியாவை மொத்தமாக யாருக்கும் எழுதிக் கொடுக்காமல், ஒரு கடைக்கு ஒரு லைசென்ஸ் என்று வைத்தார். ஒழுங்காக நடத்தினால்தான் அடுத்த கடை. அவருடைய நிதி ஆள் ஹாரி சோன்போர்ன், நிலத்தையும் கட்டடத்தையும் கம்பெனியே எடுத்து, கடைக்காரருக்கு வாடகைக்கு விடும் வழியைக் கொண்டுவந்தார். மேனுவலை மீறினால் இடமே போய்விடும். கடை கடையாகப் போய் ஆய்வு பண்ணி மார்க் போட்டாங்க. 1961இல் பயிற்சிக்கென்றே ஹாம்பர்கர் யுனிவர்சிட்டி தொடங்கினாங்க.

இவ்வளவு கறாரான கம்பெனியில் புதுசா எதுவும் முளைக்காதுன்னு நினைப்பீங்க. நடந்தது வேற. மீன் சாண்ட்விச்சைக் கொண்டுவந்தவர் சின்சினாட்டியின் கடைக்காரர் லூ குரோன். பிக் மேக்கைக் கொண்டுவந்தவர் பிட்ஸ்பர்க் பக்கத்துக் கடைக்காரர் ஜிம் டெலிகாட்டி. கிராக் தானாக யோசிச்ச அன்னாசிப்பழ பர்கர் எடுபடவே இல்லை. கடைக்காரர் ஒன்றைக் கண்டுபிடிப்பார், சோதித்துப் பார்த்து மேனுவலில் சேர்ப்பாங்க, அப்புறம் அது எல்லாக் கடைக்கும் போகும்.

ஆனால் இந்தக் கதையில் தோற்றுப்போனவங்களும் இருக்காங்க. 1961இல் சகோதரர்களிடமிருந்து எல்லா உரிமையையும் 27 லட்சம் டாலருக்குக் கிராக் வாங்கிக்கொண்டார். முதல் கடையை மட்டும் அவங்க தரவில்லை. அதனால் அந்தக் கடைக்குத் தங்கள் சொந்தப் பெயரையே அவங்களால் வைக்க முடியவில்லை. பிக் எம் என்று மாற்றினாங்க. கிராக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்தார். பிக் எம் சில வருஷங்களில் மூடிப்போச்சு. கம்பெனி தன் பிறந்த வருஷமாகச் சொன்னதும் 1955ஐத்தான், 1948ஐ இல்லை. வேலையை இவ்வளவு சின்னச் சின்ன ஸ்டெப்பாக உடைத்தால், செய்கிற ஆளை யாரை வேணும்னாலும் வைத்து மாற்றலாம், சம்பளத்தையும் குறைவாகவே வைக்கலாம் என்ற விமர்சனமும் அன்றிலிருந்து இன்றுவரை இருக்கு.

1984 ஜனவரி 14இல் தன் 81ஆவது வயசில் கிராக் இறந்தார். அப்போது 7,000க்கும் மேல் கடைகள் இருந்தன. பர்கரையோ, கிச்சன் முறையையோ, மேனுவலின் வரிகளையோ அவர் உருவாக்கவில்லை. முன்பின் பார்க்காத ஒருத்தர் வேற ஊரில் அதையே திரும்பச் செய்யணும் என்ற பிடிவாதம் மட்டும்தான் அவருடையது. பெயர் அவருக்கு நின்றது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ஜூனியர்களிடம் ஒப்படைக்கும்போது இரண்டு விஷயம் செய்யுங்க. நீங்க எழுதின டாக்குமென்ட்டை அந்த ப்ராஜெக்ட்டைத் தொட்டே பார்க்காத ஒருத்தரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் நின்று பாருங்க. அவர் எங்கே தடுமாறுகிறாரோ, உங்க மின்விசிறி அங்கேதான் விட்டுப்போயிருக்கு. அப்புறம் முதல் பக்கத்தில், அந்த வேலையை நிஜமாகச் செஞ்ச எல்லார் பெயரையும் எழுதிடுங்க.