தடைகள் தாண்டிய டங்கன் வைட்

1918ஆம் ஆண்டு இலங்கையில் பிறந்து, கண்டி டிரினிட்டி கல்லூரியில் பயின்றவர் டங்கன் வைட். அந்நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 51.8 விநாடிகளில் முடித்தார். அமெரிக்க வீரர் ராய் காக்ரனுக்கு அடுத்தவராக வந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கை பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 1950இல் ஆக்லாந்தில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியில் தங்கமும் அவரை அடைந்தது. பின்னாளில் நைஜீரியாவில் ஆசிரியப் பணியாற்றிய அப்பெருமகனார், 1998இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

அடுத்த பதக்கத்திற்காக அவருடைய தாயகம் 2000ஆம் ஆண்டு வரை, 52 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. ஒருவரைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் அடுத்தவர் தோன்றுவது அரிது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. திருவாதவூர் வரப்புகளில் ஓடித் திரியும் சிறார்க்கும் நல்ல ஓடுதளமும் தேர்ந்த பயிற்சியும் கிடைக்கச் செய்வது நம் அனைவரின் கடனாகும்.