பி.ஆர். என்பதிலுள்ள ஆர்: படைப் பதிவேடுகளின் வழியே அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரின் பெயருக்கு முன் நாம் எழுதும் பி.ஆர். என்ற இரண்டெழுத்தில் பின்னது ஒரு படைவீரரின் பெயர். ராம்ஜி மாலோஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர்; படைப்பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றியவர். பாட்டனார் மாலோஜியும் படைவீரரே. தாய் பீமாபாயும் படைவீரர் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே அண்ணலின் வாழ்வைக் கற்போர் பழைய படைப்பிரிவுப் பதிவேடுகளையும் படிக்கப் பழக வேண்டும். அவற்றில் பெயர், பதவி, பிரிவு யாவும் எழுத்துச் சுருக்கங்களாகவே நிற்கின்றன. அவற்றைத் தவறாக விரித்தால் வரலாறும் தவறாகிவிடும்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த ஊரே இதற்குச் சான்று. மாவ் என்னும் அப்பாளைய நகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் நான்கு எழுத்துகளும் போருக்கான படைத் தலைமையகம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் என இன்றும் பலர் நம்புகின்றனர். இது பின்னாளில் கட்டப்பட்ட கதை. 1818இல் மந்தசோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் அங்கே பாளையம் அமைத்தனர். அருகிலிருந்த சிற்றூரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. சுருக்கமே அல்லாத ஒன்றைச் சுருக்கமென்று கொள்வதால் உழைக்கும் மக்களின் ஊர்ப்பெயர் அழிந்து, ஆட்சியாளரின் அலுவலகம் அங்கே குடியேறிவிடுகிறது. 2003இல் அந்நகர் டாக்டர் அம்பேத்கர் நகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மெய்யான சுருக்கங்களுக்கு வருவோம். என்.ஐ. என்பது சுதேசிக் காலாட்படை. அதன் முன் எம் இருந்தால் சென்னைப் படை. பி மட்டும் இருந்தால் வங்கமா பம்பாயா என்ற ஐயம் எழும். பம்பாயைப் பிரித்துக் காட்டவே பி எழுத்தோடு ஓ எழுத்தையும் சேர்த்தெழுதினர். இரண்டு, சாய்கோடு, ஒன்று என்று கண்டால் அது தேதியன்று, பின்னமுமன்று. முதலாம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் என்று பொருள். 1818 சனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற பம்பாய்ப் பிரிவு அதுதான். அங்குள்ள தூணில் பொறித்த 49 பெயர்களில் 22 நாக் என்று முடிகின்றன. மகார் வீரர்களின் பெயர்களில் வழங்கிய ஈறு அது. சாதியைப் பற்றித் தூண் தனியே ஒன்றும் கூறவில்லை. அந்த ஈற்றை அறிந்தவர்க்கே அது புலப்படும்.

பதவிச் சுருக்கங்களிலும் கவனம் வேண்டும். என்.ஓ. என்பது சுதேசி அதிகாரி. இடையில் ஒரு சி சேர்ந்தால் ஆணையம் பெறாத, அவரினும் கீழான நிலை. சுபேதார் ராம்ஜி முன்னதைச் சேர்ந்தவர். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள இயலாத சமூகத்தில் பிறந்தவர் ஆணையம் பெற்ற அதிகாரியாகவும் ஆசிரியராகவும் உயர்ந்தார் என்பதை அந்தச் சிறு வேறுபாடு காட்டுகிறது.

அந்த வாயிலும் மூடப்பட்டது. 1890களின் தொடக்கத்தில், போர்க்குணம் சில இனங்களுக்கே உரியது என்ற கோட்பாட்டின்படி மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. முன்பு சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படைக்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ் இக்கோட்பாட்டை முன்னின்று பரப்பியவர். தென்னாட்டுக் காலாட்படைகளையும் அவர் இழிவாகவே மதித்தார். பறையர் முதலிய நம் மக்கள் பணியாற்றிய பிரிவுகள் பல அக்காலத்தில் சுருங்கின. மகார்களின் ஆளெடுப்பை மீட்க ராம்ஜி, நீதிபதி ரானடேயின் துணையோடு மனு அளித்தார். முன்னாள் படைவீரர் கோபால் பாபா வலங்கரும் மனு வரைந்தார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மீண்டும் முறையிட்டார்.

இதற்கிடையே பீமராவ் வளர்ந்தார். தந்தையின் ஓய்வுக்குப் பின் குடும்பம் தபோலிக்கும் சாத்தாராவுக்கும் பெயர்ந்தது. சாத்தாராப் பள்ளியில் அவர் கோணிப்பையில் தனியே அமர நேர்ந்தது. 1913இல் தந்தை மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னரின் உதவித்தொகையோடு மகன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917இல் திரும்பி, மன்னரின் படைச் செயலாளர் பதவியை ஏற்றார். ஏட்டில் அது பெரும் பதவி. அலுவலகத்திலோ ஏவலர் கோப்புகளைத் தொலைவிலிருந்து வீசினர். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் அவர் விரட்டப்பட்டார். பதவிப்பெயரை மட்டும் படிப்பவர் இந்த அவமதிப்பை அறிய வழியில்லை.

அதே 1917இல், உலகப்போரின் தேவைக்காக 111ஆம் மகார் படைப்பிரிவு தோன்றியது. போர் முடிந்தபின், 1921இல் கலைக்கப்பட்டது. அடுத்த பட்டியல்களில் அவ்வெண் மகார் பெயரோடு இல்லை. தேவைப்படும்போது அழைத்துத் தேவை தீர்ந்ததும் கைவிடும் அரசின் இயல்பை அந்த வெற்றிடம் உணர்த்துகிறது.

1927 சனவரி 1 அன்று அண்ணல் கோரேகான் தூணின்முன் நின்றார். அவ்வாண்டு மார்ச்சில் மகாடு குளத்தில் நீர் அருந்தும் போராட்டத்தை நடத்தினார். 1941இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார்; அக்டோபரில் பெல்காமில் மகார் ரெஜிமெண்ட் உருவானது. தந்தையின் தலைமுறை கேட்டது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் மகனின் காலத்தில் கிடைத்தது. சட்ட அமைச்சராகவும் அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவராகவும் விளங்கிய அவர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

பேரரசுக்குப் படையாளாக நின்றதை நாம் விடுதலை என்று சொல்லவில்லை. ஆனால் நம் முன்னோர்க்கு வீரமும் கல்வியும் இல்லை என்ற பொய்யை, அவர்களை விலக்கியவர்களின் ஏடுகளே மறுக்கின்றன. சூலக்கரையிலோ சிவகாசியிலோ ஒரு வீட்டுத் தகரப்பெட்டியில் பாட்டனாரின் படை விடுவிப்புத் தாள் கிடைக்குமானால், மாணவர்கள் அதைப் பழந்தாள் என்று ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு எழுத்தும் எந்த ஆண்டில், எந்தப் படையில், எப்பொருளில் வழங்கியது என்று ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஊகத்தால் விரிப்பதைவிட விரிக்காமல் விடுவது மேல். சான்றோடு விரிக்கப்பட்ட ஓரெழுத்தும் உரிமைக்கான வாதத்தில் நமக்குத் துணைநிற்கும்.