350 சிசியும் இல்லை, 350 குதிரைத்திறனும் இல்லை… ஷெல்பி மஸ்டாங் பெயரின் கதையும், அந்தப் பெயரில் இல்லாத கென் மைல்ஸும்!

ஷெல்பி ஜிடி350. பழைய அமெரிக்க கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பெயர் வராமல் இருக்காது. வெள்ளை உடம்பு, மேலே இரண்டு நீலப் பட்டை, கதவுக்குக் கீழே இன்னொரு மெல்லிய கோடு, அதில் ஜிடி350 என்ற எழுத்து. வீடியோ கேமில் ஓட்டாதவர்கள் குறைவு.

சரி, அந்த 350 என்ன? இன்ஜின் அளவா? இல்லை. அதில் இருந்தது 289 கன அங்குல இன்ஜின், நம் கணக்கில் 4.7 லிட்டர். குதிரைத்திறனா? அதுவும் இல்லை. ரோட்டில் ஓட விற்ற காருக்கு நிறுவனம் சொன்ன கணக்கு 306. விலையும் இல்லை, வேகமும் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு மனிதர் காலால் அளந்த தூரம் அது. பெயரின் முன்பாதியில் இருப்பது கரோல் ஷெல்பி, நிறுவனத்தின் முதலாளி. பின்பாதியில் இருப்பது அந்தத் தூரம். காரை ரேஸ் டிராக்கில் மணிக்கணக்கில் ஓட்டி, குறை கண்டுபிடித்து, கடைசியில் முதல் ரேஸையும் ஜெயித்துக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் கென் மைல்ஸ்.

2019-ல் வந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படம் பார்த்தவர்களுக்கு மைல்ஸைத் தெரியும். கிறிஸ்டியன் பேல் நடித்த பாத்திரம். அந்தப் படத்தில், புது மஸ்டாங்கை அறிமுகப்படுத்தும் விழாவில் மைல்ஸ் அந்தக் காரைக் கிழித்துத் தொங்கவிடுவார். பிறகு நிஜத்தில் அதே மஸ்டாங்கை ரேஸ் காராக மாற்றிய வேலையில் அவருக்கு எவ்வளவு பெரிய பங்கு இருந்தது என்ற பக்கம் படம் போகவில்லை. லெ மான் கதைக்கே இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது, பாவம்.

டாங்க் மெக்கானிக், டீ பிரியர்

கென் மைல்ஸ் அமெரிக்கர் இல்லை. 1918 நவம்பர் 1-ம் தேதி இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்தில் இருக்கும் சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தவர். பையனாக இருக்கும்போதே வோல்ஸ்லி கார் கம்பெனியில் தொழில் பழகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் டாங்க் பிரிவில் சார்ஜென்ட். போர் முடிந்ததும் பழைய கார்களைத் தேற்றி ரேஸ் ஓட்ட ஆரம்பித்தார்.

1952-ல் மனைவி, மகனோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். எம்.ஜி. கார்களை இறக்குமதி செய்து விற்ற நிறுவனத்தில் சர்வீஸ் மேனேஜர் வேலை. பகலில் அடுத்தவர் காரை ரிப்பேர் பார்ப்பது, ராத்திரி சொந்தக் காரைக் கட்டுவது. அப்படி எம்.ஜி. பாகங்களை வைத்து அவர் கட்டிய சின்ன ரேஸ் கார் 1953-ல் தொடர்ந்து 14 பந்தயங்களை ஜெயித்தது. அடுத்து கட்டிய கார் ரொம்பத் தாழ்வாக, தட்டையாக இருந்ததால் அதற்குப் ‘பறக்கும் ஓடு’ என்ற அர்த்தத்தில் பட்டப்பெயர் வந்தது. வீட்டுக்கூரையில் வேய்கிற ஓடு! பிறகு கூப்பர் சேஸியில் போர்ஷே இன்ஜினைப் பொருத்தி ‘பூப்பர்’ என்று ஒன்றைக் கட்டினார். கையில் கிடைத்ததை வைத்து, பணக்காரர்கள் வாங்கி வந்த கார்களைத் தோற்கடிப்பதுதான் மனுஷனின் பொழுதுபோக்கு.

அவருக்கு இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. ஒன்று, எந்நேரமும் டீ குடித்ததால் வந்தது. இன்னொன்று, வாயின் ஒரு ஓரமாகவே பேசும் பழக்கத்தால் வந்தது. பேசியது பெரும்பாலும் இனிமையான விஷயமாக இருக்காது. கார் சரியில்லை என்றால் முதலாளி முன்னாடியே சொல்லிவிடுவார். இந்தக் குணம் அவருக்கு நண்பர்களைக் குறைத்தது. ஆனால், ஒரு காரைச் சோதித்துப் பார்த்து உண்மையைச் சொல்ல அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

பிரிட்டிஷ் நிறுவனமான ரூட்ஸின் சன்பீம் ஆல்பைன் என்ற சாதுவான காரில் ஃபோர்டின் வி8 இன்ஜினைத் திணித்து முதல் மாதிரியைச் செய்து காட்டியவரும் இவர்தான். அதுதான் பின்னாளில் சன்பீம் டைகர். ஆனால் சொந்தமாக அவர் நடத்திய பட்டறை நிலைக்கவில்லை. 1963-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், வெனிஸ் பகுதியில் இருந்த ஷெல்பி அமெரிக்கன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அழகுக் காருக்கு ஒரு ரேஸ் சான்றிதழ்

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17-ல் அறிமுகமானது. முதல் நாளிலேயே 22,000-க்கும் மேற்பட்ட ஆர்டர்கள். ஃபோர்டின் லீ ஐயகோக்காவுக்கு சந்தோஷம்தான். ஆனால் ஒரு குறை. வெளியே ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருந்தது ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் எலும்புக்கூடு. ஆபீஸ் போய்வர வாங்கும் அழகான வண்டி என்றுதான் பெயர் எடுத்திருந்தது. ரேஸில் ஜெயித்தால் அந்த இமேஜ் மாறும் என்று ஃபோர்டு நினைத்தது.

அந்த வேலை ஷெல்பியிடம் வந்தது. ஷெல்பி 1959-ல் ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் ஜெயித்தவர், இதயக் கோளாறால் ஓட்டுவதை விட்டவர், அப்புறம் கோப்ரா என்ற காரைக் கட்டிப் பெயர் வாங்கியவர்.

அமெரிக்காவில் அந்தப் பந்தயங்களை நடத்தியது எஸ்.சி.சி.ஏ. என்கிற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. அதன் விதி எளிமையானது. ரேஸுக்கென்று ஒரே ஒரு ஸ்பெஷல் காரைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க முடியாது. கடையில் விற்கிற கார்தான் ஓட வேண்டும். அதனால் 1965 ஜனவரி 1-க்குள் குறைந்தது 100 கார்களைத் தயாரித்துக் காட்ட வேண்டும். இன்னொன்று, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டே சீட். மஸ்டாங்கில் நான்கு.

ஷெல்பி ஆட்கள் என்ன செய்தார்கள்? பின் சீட்டைத் தூக்கிவிட்டு, அங்கே ஃபைபர் பலகையைப் போட்டு அதன்மேல் ஸ்டெப்னியை வைத்துவிட்டார்கள். இப்போது இரண்டு சீட். பிரச்னை முடிந்தது!

சான் ஜோஸ் ஃபோர்டு தொழிற்சாலையில் இருந்து வெள்ளை நிற மஸ்டாங்குகள் பானெட் கூட இல்லாமல் வந்து இறங்கின. நிஜமான சவால் அதற்கப்புறம்தான். மூக்கில் கனமான வி8 இருந்ததால் வளைவில் திரும்பும்போது கார் சொன்ன பேச்சைக் கேட்காமல் நேராகவே போகப் பார்த்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்க ஆக்சில் துள்ளியது. மைல்ஸ் வில்லோ ஸ்பிரிங்ஸ் டிராக்கில் அதைச் சுற்றுச் சுற்றாக ஓட்டினார். அவர் இன்ஜினியரும் கூட என்பதால், கார் சரியில்லை என்பதோடு நிறுத்தாமல் எது சரியில்லை என்பதையும் சொல்ல முடிந்தது.

முன் சஸ்பென்ஷனின் மேல் கைகள் பொருத்தப்பட்ட இடத்தை ஒரு அங்குலம் கீழே இறக்கினார்கள். வெறும் ஒரு அங்குலம். ஃபோர்டின் இன்ஜினியர் ஒருவர் போட்ட கணக்கு அது. வளைவில் டயர் ரோட்டைப் பிடிக்கும் விதமே மாறிவிட்டது. பின் ஆக்சில் துள்ளாமல் இருக்க இரும்புத் தண்டுகள், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தி போகும்படி பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல், முன்பக்கம் டிஸ்க் பிரேக், இன்ஜினுக்குப் பெரிய கார்புரேட்டர். 271 குதிரைத்திறன் 306 ஆனது இப்படித்தான். இதை மைல்ஸ் ஒருத்தரே செய்தார் என்று சொன்னால் தப்பு. திட்டப் பொறியாளர் சக் கேன்ட்வெல், வடிவமைப்பாளர் பீட் பிராக், எதையும் செய்துதரும் ஃபில் ரெமிங்டன் என்று ஒரு பட்டாளமே இருந்தது. ஆனால் இவர்கள் செய்ததெல்லாம் சரியா என்று சொல்லும் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் மைல்ஸ்.

350 வந்த விதம்

கார் தயாராகிக்கொண்டிருந்தது, பெயர் மட்டும் முடிவாகவில்லை. மீட்டிங் மேல் மீட்டிங். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வேதனை புரியும். பேச்சு இழுத்துக்கொண்டே போக, ஷெல்பி பொறுமை இழந்தார். ரெமிங்டனிடம் திரும்பி, ரேஸ் பட்டறைக்கும் உற்பத்திப் பட்டறைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவர் நடந்து அளந்து, சுமார் 350 அடி என்றார். பெயர் ஜிடி350 என்று ஷெல்பி முடித்துவிட்டார். கார் நன்றாக இருந்தால் பெயர் ஒரு பொருட்டே இல்லை, மோசமாக இருந்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது என்பது அவர் வாதம்.

அந்தக் காலத்து மற்ற பெயர்களோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ நேர்மையானது. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ தன் பெயரை ஃபெராரி 250 ஜிடிஓவிடம் இருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. இத்தாலிய மொழியில் அந்த ‘ஓ’, ரேஸுக்கு அங்கீகாரம் பெற்றது என்ற பொருள் தரும். பான்டியாக் அப்படி எந்த அங்கீகாரமும் வாங்கவில்லை. ரேஸ் பெயரை வைத்துக்கொண்டு ரேஸ் சான்று இல்லாத கார் அது. ஜிடி350-க்கோ சான்று கையில் இருந்தது, பெயரில்தான் ரேஸ் இல்லை.

நான்கு சக்கரமும் காற்றில்

1965 ஜனவரி 27-ல் ரிவர்சைட் டிராக்கில் ஜிடி350 பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் 14-ம் தேதி, காதலர் தினத்தன்று, டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருந்த கிரீன் வேலி டிராக்கில் முதல் ரேஸ். ரேஸுக்கென்றே தயாரான ஆர் மாடலை ஓட்டியவர் மைல்ஸ். டிராக்கில் ஒரு மேடு இருந்தது. அதில் ஏறி இறங்கும்போது கார் முழுசாகத் தரையை விட்டு எழும்பியது. நான்கு சக்கரமும் காற்றில் இருக்க ஒருவர் எடுத்த போட்டோதான் இன்றுவரை ‘பறக்கும் மஸ்டாங்’ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேஸையும் மைல்ஸ்தான் ஜெயித்தார்.

அந்த வருடம் பி பிரிவு தேசிய சாம்பியன் பட்டம் ஜிடி350-க்கு, ஓட்டியவர் ஜெர்ரி டைட்டஸ். 1966, 1967-லும் அதே காருக்கே பட்டம். ஆர் மாடலில் மொத்தம் செய்யப்பட்டவை 36 மட்டுமே.

முதல் வெற்றியை ருசிக்க மைல்ஸுக்கு நேரம் இல்லை. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 28-ல், டேடோனாவில் லாய்ட் ரூபியோடு சேர்ந்து ஃபோர்டு ஜிடி40-க்கு அதன் முதல் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். மஸ்டாங் வேலை கைமாறியது. ஃபெராரியை வீழ்த்தும் வேலை அவரை விழுங்கிக்கொண்டது.

ஒரு கோப்பை குறைவு

1966-ல் டேடோனா 24 மணி நேரம், செப்ரிங் 12 மணி நேரம் இரண்டையும் ரூபியோடு சேர்ந்து ஜெயித்தார் மைல்ஸ். பாக்கி லெ மான். அதையும் ஜெயித்தால் ஒரே வருடத்தில் மூன்றையும் ஜெயித்த முதல் ஆள். ஜூன் 19-ம் தேதி மாலை, டென்னி ஹல்மோடு ஓட்டிய அவருடைய கார்தான் முன்னால். ஃபோர்டு நிர்வாகத்துக்கோ ஒரு ஆசை: தங்கள் கார்கள் சேர்ந்து கோட்டைத் தாண்டுவது போல ஒரு போட்டோ. மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். புரூஸ் மெக்லாரன் காரும் அவர் காரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. முடிவில், ஆரம்பத்தில் சில மீட்டர் பின்னால் இருந்து கிளம்பிய மெக்லாரன் கார் 24 மணி நேரத்தில் அதிக தூரம் ஓடியிருக்கிறது என்று அதற்கே வெற்றி கொடுக்கப்பட்டது. பெயர் கொடுத்த தூரம் 350 அடி என்றால், கோப்பையைப் பறித்தது அதைவிடக் குறைவான தூரம்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 17-ல், ஜிடி350 அறிமுகமான அதே ரிவர்சைடில், ஜே-கார் என்ற புது மாடலைச் சோதித்துக்கொண்டிருந்தார். நீளமான நேர்ப் பாதையின் முடிவில் கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. மைல்ஸ் தூக்கி எறியப்பட்டு அங்கேயே இறந்தார். வயது 47.

விபத்துக்குப் பிறகு ஃபோர்டு ஜே-காரின் வடிவத்தை மாற்றியது, உள்ளே எஃகுக் கூண்டு ஒன்றையும் பொருத்தியது. மார்க் 4 என்ற பெயரில் வந்த அந்தக் கார் 1967 லெ மானை ஜெயித்தது. அதே பந்தயத்தில் மரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டிய இன்னொரு மார்க் 4 பயங்கரமாக மோதி நொறுங்கியது. கூண்டு தாங்கியது, ஆண்ட்ரெட்டி பிழைத்தார்.

ஜிடி350-ன் கதை வேறு பக்கம் போனது. முரட்டுத்தனம் அதிகம், சத்தம் தாங்கவில்லை என்று வாங்கியவர்கள் குறை சொல்ல, 1966 மாடலில் பின் சீட் திரும்பி வந்தது, ஆட்டோமேட்டிக் கியரும் வந்தது. ஹெர்ட்ஸ் நிறுவனம் சுமார் ஆயிரம் கார்களை வாங்கி வாடகைக்கு விட்டது. வெள்ளிக்கிழமை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறு ரேஸ் ஓட்டிவிட்டுத் திங்களன்று திருப்பிக் கொடுத்தார்கள் என்ற கதைகள் அப்போது பிறந்தவைதான். 2015-ல் ஃபோர்டு ஜிடி350 பெயரை மறுபடி எடுத்தபோது இன்ஜின் 5.2 லிட்டர், சக்தி 526 குதிரைத்திறன். எண் மட்டும் அதே 350.

மைல்ஸ் கிரீன் வேலியில் பறக்கவிட்ட அந்த முதல் ஆர் மாடல் 2020-ல் ஏலத்துக்கு வந்தது. புதிதாக விற்றபோது ஆர் மாடலின் விலை 6,000 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. ஏலத்தில் அந்த ஒரு கார் போன விலை 38.5 லட்சம் டாலர்.