டெகார்ட்டுக்கு முன்பே நேர்க்கோட்டுக்குச் சமன்பாடு கண்டவர்... யார் இந்த ஃபெர்மா?

ஸ்கூலில் படித்த ‘ஒய் = எம்எக்ஸ் + சி’ ஞாபகம் இருக்கா? எம் என்பது கோட்டின் சாய்வு. சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். கிராஃபில் புள்ளி வைத்து கோடு போடும் இந்தக் கணக்குக்கெல்லாம் பெயர் வாங்கியவர் பிரெஞ்சு தத்துவஞானி ரெனே டெகார்ட். ‘கார்ட்டீசியன் தளம்’ என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான்.

ஆனால், இப்படிப்பட்ட சமன்பாடு எப்போதும் ஒரு நேர்க்கோட்டைத்தான் தரும் என்று முதலில் தெளிவாக எழுதிக்காட்டியவர் இன்னொருவர். அவர் கணக்கு வாத்தியார்கூட இல்லை. கோர்ட்டில் வேலை பார்த்தவர். பெயர், பியர் டி ஃபெர்மா.

கோர்ட்டில் வேலை, வீட்டில் கணக்கு

தெற்கு பிரான்ஸில், தோல் வியாபாரத்தில் வசதியாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் ஃபெர்மா. சட்டம் படித்து, 1631ல் துலூஸ் நகர உயர் நீதிமன்றத்தில் ஆலோசகர் பதவிக்கு வந்தார். கடைசிவரை அதுதான் அவருடைய தொழில். கணக்கு, ஆபீஸ் முடிந்தபிறகு மட்டும்தான்.

அப்படிக் கிடைத்த நேரத்தில் அவர் கையில் எடுத்தது, அப்போலோனியஸ் என்ற கிரேக்க கணித மேதையின் தொலைந்துபோன நூல் ஒன்றை மீட்டெழுதும் வேலை. முழுக்க கோடும் வட்டமும் நிறைந்த நூல் அது. இன்னொரு பக்கம், எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடும் புதிய இயற்கணிதத்தையும் படித்திருந்தார். இரண்டையும் சேர்த்தபோதுதான் அந்த ஐடியா பிறந்தது.

கோடு எப்படி சமன்பாடானது?

படுக்கையாக ஒரு கோடு. அதில் ஒரு புள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் போங்கள். அங்கிருந்து மேலே ஒரு குச்சியை நட்டுவையுங்கள். போகும் தூரம் கூடும்போது குச்சியின் உயரமும் அதே விகிதத்தில் கூடினால், குச்சிகளின் நுனிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அமையும். இதைத்தான் ஃபெர்மா 1636 வாக்கில் சமன்பாடாக எழுதினார். மாறாத அந்த விகிதம்தான் இன்று நாம் சொல்லும் சாய்வு.

இன்றைய உதாரணம் ஒன்று. ஒரு ஆப்பில் 2 கி.மீ. தூரத்துக்கு டெலிவரி கட்டணம் 40 ரூபாய், 5 கி.மீ.க்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் ஒரே சீராகத்தான் ஏறுகிறது. தூரம் 3 கி.மீ. கூடியபோது கட்டணம் 30 ரூபாய் கூடியது. 30ஐ 3ஆல் வகுத்தால் 10. இதுதான் சாய்வு, அதாவது கி.மீ.க்கு 10 ரூபாய். 2 கி.மீ.க்கு 20 ரூபாய் போக, 40ல் மீதி 20. அதுதான் சி, தூரமே இல்லாவிட்டாலும் வாங்கும் தொகை. ஆக, ஒய் = 10 எக்ஸ் + 20. இரண்டு புள்ளி தெரிந்தால் போதும், மொத்தக் கோடும் கைக்கு வந்துவிடும்.

பெயர் ஏன் கைமாறியது?

ஃபெர்மா தன் கண்டுபிடிப்புகளை அச்சிடுவதில் ஆர்வமே காட்டவில்லை. கடிதமாகவும் கையெழுத்துப் பிரதியாகவும் நண்பர்களுக்கு அனுப்புவதோடு சரி. 1637ல் டெகார்ட்டின் ‘ஜியோமெட்ரி’ அச்சாகி வெளிவந்தது. அவரும் தனியாகவே இதே பாதைக்கு வந்து சேர்ந்தவர்தான். ஆனால், ஐரோப்பா படித்தது அவருடைய புத்தகத்தை.

அடுத்த ஆண்டே இருவருக்கும் முட்டிக்கொண்டது. வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டைக் கண்டுபிடிக்க ஃபெர்மா சொன்ன வழி தப்பு என்று டெகார்ட் தாக்கினார். பிறகு அது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வளைகோட்டுக்கும் சாய்வு காணும் அந்த வழியிலிருந்து தனக்குக் குறிப்பு கிடைத்ததாகப் பிற்காலத்தில் நியூட்டனே எழுதிவைத்திருக்கிறார்.

1665 ஜனவரி 12 அன்று காஸ்ட்ரெஸ் ஊரில் ஃபெர்மா இறந்தார். புத்தக ஓரத்தில் அவர் குறித்துவைத்த ஒரு தேற்றம், நிரூபிக்க 350 ஆண்டுகளுக்கு மேல் ஆனதால் உலகப் புகழ் பெற்றது. நேர்க்கோட்டுச் சமன்பாடு அடங்கிய கட்டுரையோ, மகன் சாமுவேல் முயற்சியால் 1679ல்தான் அச்சேறியது. டெகார்ட் புத்தகம் வந்து அதற்குள் 42 ஆண்டுகள் ஓடியிருந்தன. கோட்டை முதலில் எழுதியவர் ஃபெர்மா. அதை நாம் இன்றும் வரைவது டெகார்ட் பெயர் தாங்கிய தளத்தில்.