ஸ்ட்ராங்போ பிரபு

அயர்லாந்து தேசம் ஆங்கில அரசர்களின் வாள்வலிக்கு மட்டுமே தோற்றதென்று எண்ணுவோர் பலர். சரித்திரம் கூறுவது வேறு. அத்தேசத்து மன்னரொருவரே வாயிற்கதவைத் திறந்துவிட்டார். அவர் அழைப்பை ஏற்று வந்து அங்கே நிலைபெற்றவர், தம் அரசரின் தயவை இழந்து நின்ற ஒரு நார்மன் பிரபு. ரிச்சர்ட் டி கிளேர் என்பது அவர் பெயர். வலிய வில் என்று பொருள்படும் ஸ்ட்ராங்போ என்னும் பெயராலேயே உலகம் அவரை அறியும். அவருடைய வரலாற்றையும் வம்சத்தையும் நாம் இன்று சிறிது ஆராய்வோம்.

நார்மண்டியை ஆண்ட முதலாம் ரிச்சர்ட் டியூக்கிற்கு விவாகத்திற்குப் புறம்பாகப் பிறந்த புதல்வர் ஒருவரிடமிருந்து இக்குலம் தோன்றிற்று. அப்புதல்வரின் மைந்தரான கில்பர்ட், பாலப்பருவத்திலிருந்த வில்லியம் டியூக்கிற்குப் பாதுகாவலராக இருந்து, 1040-ம் வருஷத்தையொட்டிக் கொலையுண்டார். அந்த வில்லியமே 1066-ல் இங்கிலாந்தை வென்றவர். கில்பர்ட்டின் குமாரர் வில்லியமுடன் சென்று கிளேர், டன்பிரிட்ஜ் முதலிய நிலங்களைப் பெற்றார். கிளேர் என்னும் ஊரே குலப்பெயராயிற்று. அடுத்த தலைமுறையினர் வேல்ஸ் நாட்டிலே கால் ஊன்றினர். 1138-ல் ஸ்டீபன் அரசர் இக்குடும்பத்தின் இளைய கிளையினருக்குப் பெம்புரோக் பிரபு என்னும் பட்டம் அளித்தார். அப்பட்டம் பெற்றவரின் மகனே நமது ஸ்ட்ராங்போ.

1154-ல் இரண்டாம் ஹென்ரி அரியணை ஏறினார். ஸ்டீபனின் பகைக் கட்சியைச் சேர்ந்த அவர், ஸ்டீபன் வழங்கிய பட்டத்தை அங்கீகரிக்கவில்லை. ஆகவே ஸ்ட்ராங்போ, பெயர்பெற்ற குலமும் குறைபட்ட கௌரவமும் உடையவராய்க் காலங்கழித்தார்.

அயர்லாந்திலோ அக்காலத்தில் அரசர் பலர். ஒருவரோடொருவர் ஓயாப் பகை. லென்ஸ்டர் மன்னரான டெர்மட் மக்மரோ, 1152-ல் ஓரூர்க் என்னும் மன்னரின் மனைவியைக் கவர்ந்து சென்றவர். அப்பகை உள்ளத்தில் கனன்றிருந்து, 1166-ல் அவரை நாட்டைவிட்டே துரத்திற்று. கடல் கடந்து சென்ற அவர் ஹென்ரியின் காலில் விழுந்து துணை வேண்டினார். ஹென்ரி தாம் வரவில்லை. தம் பிரஜைகள் விரும்பினால் உதவலாமென்று மட்டும் அனுமதிப் பத்திரம் கொடுத்தார். டெர்மட் வேல்ஸ் எல்லையிலிருந்த ஸ்ட்ராங்போவிடம் சென்று, தம் மகள் ஈவாவை மணம் செய்து கொடுப்பதாகவும், தமக்குப்பின் லென்ஸ்டர் அவருக்கே ஆவதாகவும் வாக்களித்தார். அயர்லாந்து வழக்கப்படி ராஜ்யம் மகள் வழியே மருமகனைச் சேர்வதில்லை. தமக்கு உரிமையில்லாததொன்றை அம்மன்னர் விலையாகக் கொடுத்தார் என்போம்.

1169-ல் முதற்படை இறங்கிற்று. 1170 ஆகஸ்டில் சுமார் 200 குதிரை வீரரோடும் 1000 காலாட்களோடும் ஸ்ட்ராங்போ வந்தார். இரண்டே நாட்களில் வாட்டர்போர்டு நகரம் வீழ்ந்தது. அந்நகரிலேயே ஈவாவின் விவாகமும் நடந்தேறிற்று. அடுத்த மாதமே டப்ளினும் கைவசமாயிற்று. டெர்மட் அடைந்த இலாபமோ சொற்பம். பிணையாகக் கொடுத்திருந்த அவருடைய மகனைப் பேரரசர் ராடரிக் ஓகானர் கொல்லச் செய்தார். 1171 மே மாதத்தில் டெர்மட்டும் மாண்டார்.

உடனே ராடரிக் பெருஞ்சேனை திரட்டி டப்ளினை முற்றுகையிட்டார். உணவின்றித் தவித்த ஸ்ட்ராங்போ, லென்ஸ்டரை ராடரிக்கிற்குக் கீழ்ப்பட்டு ஆள்வதாகச் சொல்லியனுப்பினார். மூன்று துறைமுக நகரங்களுக்கு மேல் ஒன்றும் தர இயலாதென்று ராடரிக் மறுத்துவிட்டார். வேறு வழியின்றி உள்ளிருந்தோர் திடீரென வெளிப்பட்டுத் தாக்கினர். காவலின்றி நீராடிக்கொண்டிருந்த ராடரிக் தப்பியோடினார், சேனை சிதறிற்று.

வெற்றி ஸ்ட்ராங்போவுக்கும் நிலைக்கவில்லை. தம் பிரபு அண்டைத் தீவில் தனியரசராகிவிடுவாரோவென்று அஞ்சிய ஹென்ரி, அவ்வருஷம் அக்டோபரில் பெரும்படையுடன் தாமே வந்தார். ஸ்ட்ராங்போ நகரங்களை ஒப்புவித்து, லென்ஸ்டரை மட்டும் அரசரின் மானியமாகப் பெற்றார். அயர்லாந்து மன்னர்களிற் பெரும்பாலோர் போரின்றியே பணிந்தனர். 1176 ஏப்ரலில், காலில் உண்டான புண்ணால் ஸ்ட்ராங்போ காலமாகி, டப்ளின் கிறைஸ்ட் சர்ச் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1562-ல் ஆலயக்கூரை இடிந்து அச்சமாதியும் சிதைந்தது.

அவருடைய மகள் இசபெல் 1189-ல் வில்லியம் மார்ஷல் என்னும் வீரரை மணந்தார். அவர்களுக்கு ஆண்மக்கள் ஐவர், பெண்மக்கள் ஐவர். ஆண்மக்கள் ஐவரும் 1245-க்குள் சந்ததியின்றி மறைய, லென்ஸ்டர் பெண்வழியினரிடையே ஐந்து கூறாயிற்று. அப்பெண்வழியிலே வந்தவர்தாம், 1314-ல் பானக்பர்ன் களத்தில் ஆங்கிலச் சேனையை முறியடித்த ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ். அவர் தம்பி எட்வர்ட், ஆங்கிலேயரை வெளியேற்ற அயர்லாந்து மன்னர் சிலரின் ஆதரவோடு 1315-ல் அங்கே படையிறக்கி, 1318-ல் போரில் மடிந்தார். பாட்டன் நாட்டிய அதிகாரத்தைப் பேரன் பெயர்க்க முயன்றும் முடியவில்லை.

டெர்மட் வேண்டியது தம் சிம்மாசனம் ஒன்றே. ஸ்ட்ராங்போ வேண்டியது இழந்த கௌரவம் ஒன்றே. இருவர் விருப்பத்திற்கும் ஒரு தேசம் விலையாயிற்று. 1922-ல் 26 மாவட்டங்கள் சுயாட்சி பெறும்வரை, ஏறக்குறைய 750 வருஷங்கள் அவ்விலை செலுத்தப்பட்டது. வீட்டுவழக்கைத் தீர்க்க அந்நியன் வாளைக் கடன் வாங்குவோர், கடனுக்கு வட்டியாக வீட்டையே கொடுக்க நேரும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.